மாறிய மாத்திரை

செல்வி என்று ஒரு பெண். இது பாடத்துக்காக வைத்த பெயர். ஆனால் செல்வியைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

புதுச்சேரியில் சேதராப்பட்டு என்ற இடத்தில் தொழிற்பேட்டை உள்ளது. அங்கே ஒரு கம்பெனியில் செல்விக்குத் தையல் வேலை. வயது 36. இரண்டு பிள்ளைகள். கணவர் கொத்தனார்.

செல்வி சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்துதான் எழுதப் படிக்கக் கற்றாள். முதலில் தன் பெயரை எழுதினாள். பிறகு பஸ் பலகையைப் படித்தாள். பிறகு சம்பளச் சீட்டைப் படித்தாள். தன் உடம்பைக் காப்பாற்றவும் எழுத்து உதவும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

தாங்க முடியாத வலி

செல்விக்கு அடிக்கடி தலைவலி வரும். சாதாரணத் தலைவலி இல்லை. நெற்றிப் பொட்டில் தொடங்கும். ஒரு பக்கத் தலை விண் விண் என்று தெறிக்கும். குமட்டும். வாந்தி வரும். டியூப் லைட் வெளிச்சம் கண்ணில் ஊசியாகக் குத்தும். தையல் மிஷின் சத்தம் மண்டையில் இடிக்கும்.

அப்போது அவளால் வேலை செய்ய முடியாது. லீவு போட்டால் சம்பளம் போகும். அதனால் பெட்டிக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக் கொள்வாள். முதலில் மாதம் நாலைந்து மாத்திரை. பிறகு வாரம் நாலைந்து மாத்திரை. மாத்திரை கூடியது. தலைவலியும் கூடியது.

"உனக்குக் கண் பட்டிருக்கு. சுத்திப் போடு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சுற்றிப் போட்டார்கள். வலி நிற்கவில்லை.

இது என்ன நோய்?

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா செல்வியைப் பார்த்தார். நிறையக் கேள்வி கேட்டார். எந்தப் பக்கம் வலிக்கிறது? எவ்வளவு நேரம் இருக்கிறது? வாந்தி உண்டா? வெளிச்சம் பிடிக்கவில்லையா? உங்கள் அம்மாவுக்கு இப்படி வருமா?

பிறகு சொன்னார்: "இதற்கு ஒற்றைத் தலைவலி என்று பெயர். மைக்ரேன் என்றும் சொல்வார்கள். இது கண் திருஷ்டி இல்லை. சோம்பேறித்தனமும் இல்லை. இது ஒரு நோய்."

ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் ஒரு பக்கம் வரும். சிலருக்கு இரண்டு பக்கமும் வரும். மருந்து போடாவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை இருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதும் உண்டு.

சில காரணங்கள் வலியைத் தூண்டும். காலையில் சாப்பிடாமல் இருப்பது, தூக்கம் கெடுவது, கடும் வெயில், மனக் கவலை, மாதவிலக்கு நாட்கள் ஆகியவை அவற்றில் சில. எல்லோருக்கும் ஒரே காரணம் இருக்காது. தன் காரணம் எது என்று அவரவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு வகை மருந்து

ஒற்றைத் தலைவலிக்கு இரண்டு வகை மருந்து உண்டு.

ஒன்று, வலி வந்தபோது போடும் மருந்து. இது வந்த வலியைக் குறைக்கும். இதை அடிக்கடி போடக் கூடாது. மாதத்தில் 10, 15 நாள் என்று தொடர்ந்து போட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். செல்விக்கு அதுதான் நடந்தது.

இன்னொன்று, வலி வராமல் தடுக்கும் மருந்து. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் சாப்பிட வேண்டும். இது உடனே பலன் தராது. பலன் தெரிய இரண்டு மாதம் வரை ஆகலாம். "ஒரு வாரம் சாப்பிட்டேன், கேட்கவில்லை" என்று விட்டுவிடக் கூடாது.

தடுக்கும் மருந்தில் பல மருந்துகள் உள்ளன. ஒருவருக்குக் கேட்பது இன்னொருவருக்குக் கேட்காது. ஒருவருக்கு நல்லது செய்வது இன்னொருவருக்குக் கெடுதல் செய்யலாம்.

டாக்டரம்மா முதலில் அமிட்ரிப்டிலின் என்ற மருந்தைக் கொடுத்தார். அது செல்விக்குத் தூக்கத்தைக் கொண்டு வந்தது. ஒரு நாள் மிஷின் ஊசியில் விரல் மாட்ட இருந்தது. அதனால் டாக்டரம்மா அதை நிறுத்தினார். அடுத்து டோப்பிராமேட் என்ற மருந்தைக் கொடுத்தார்.

கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். "இனிமேல் பிள்ளை பெறும் எண்ணம் உண்டா?" செல்வி குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்து கொண்டவள். அதைச் சொன்னாள். டோப்பிராமேட் வயிற்றில் வளரும் குழந்தைக்குக் கெடுதல் செய்யும். அதனால்தான் அந்தக் கேள்வி.

முதலில் சின்ன அளவு. வாரா வாரம் கொஞ்சம் கூட்டினார். விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல் இருந்தது. "இந்த மருந்துக்கு அப்படி இருக்கும். பயப்பட வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இல்லாவிட்டால் சிறுநீரகத்தில் கல் வரலாம்" என்றார் டாக்டரம்மா.

மூன்றாம் மாதம் செல்விக்கு வித்தியாசம் தெரிந்தது. முன்பு மாதத்தில் 12 நாள் தலைவலி. இப்போது 2 நாள் மட்டும்.

செல்வியின் நோட்டு

டாக்டரம்மா இன்னொரு வேலையும் கொடுத்தார். "எழுதத் தெரியுமா? ஒரு நோட்டுப் போடுங்கள். வலி வந்த நாளை எழுதுங்கள்" என்றார்.

மகளின் பழைய நோட்டில் பாதித் தாள் மீதி இருந்தது. செல்வி அதை எடுத்துக் கொண்டாள். முதல் பக்கத்தில் டாக்டரம்மா சொல்லச் சொல்ல எழுதினாள்.

என் பெயர் செல்வி.
எனக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு.
அமிட்ரிப்டிலின் சாப்பிட்டேன். தூக்கம் வந்தது. ஒத்துக் கொள்ளவில்லை.
இப்போது சாப்பிடும் மருந்து டோப்பிராமேட். காலை 1, இரவு 1.

அடுத்த பக்கங்களில் வலிக் கணக்கு எழுதினாள்.

மார்ச் 4. பகல் 3 மணி முதல் இரவு 11 மணி வரை. கடும் வலி. வாந்தி. காலையில் சாப்பிடவில்லை.
மார்ச் 19. மாலை 5 மணி முதல் 9 மணி வரை. கொஞ்சம் வலி. முதல் நாள் தூக்கம் இல்லை.

எழுத்து கோணலாக இருந்தது. பிழையும் இருந்தது. ஆனால் கணக்குச் சரியாக இருந்தது.

மாத்திரை வரவில்லை

எட்டு மாதம் நன்றாகப் போனது. ஒன்பதாம் மாதம் செல்வி மாத்திரை வாங்க இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனாள். ஷிப்ட் முடிந்து நேரே போனாள். நோட்டு வீட்டில் இருந்தது. கையில் பழைய சீட்டு மட்டும் இருந்தது.

மருந்து கொடுப்பவர் சீட்டைப் பார்த்தார். "இந்த மாத்திரை இப்ப சப்ளை இல்லம்மா" என்றார்.

"எப்ப சார் வரும்?"

"சொல்ல முடியாது. டாக்டரைப் பார்த்து வேற எழுதி வாங்கிக்கிட்டு வாங்க."

அன்று வேறு ஒரு டாக்டர் இருந்தார். வெளியே ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். "ஒற்றைத் தலைவலிக்குத்தானே? இந்த மாத்திரையும் அதற்கு நல்லது" என்று எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னது பொய் இல்லை. அந்த மாத்திரையின் பெயர் புரோப்ரனலால். ஒற்றைத் தலைவலியைத் தடுக்க உலகம் முழுவதும் அதைக் கொடுக்கிறார்கள்.

ஆனால் அவர் இழுப்பு உண்டா என்று கேட்கவில்லை. செல்வியும் சொல்லவில்லை. தலைவலி மாத்திரைக்கும் இழுப்புக்கும் என்ன தொடர்பு என்று அவள் நினைத்தாள்.

இரவில் நடந்தது

பழைய மாத்திரை ஒரேயடியாக நின்றது. புது மாத்திரை தொடங்கியது. நாலாம் நாள் தலைவலி திரும்பி வந்தது. ஐந்தாம் நாளும் வந்தது. ஆறாம் நாள் நடு இரவில் செல்விக்கு மூச்சு முட்டியது. நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிந்தது.

கணவர் ஆட்டோ பிடித்தார். மகள் புத்திசாலி. நோட்டையும் மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். இரவு டாக்டர் நோட்டின் முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு மாத்திரை அட்டையைப் பார்த்தார்.

"இழுப்பு உள்ளவர்கள் இந்த மாத்திரை சாப்பிடக் கூடாதம்மா. இது மூச்சுக் குழாயைச் சுருக்கிவிடும். இனி இதைத் தொடாதீர்கள்" என்றார்.

கோணல் எழுத்தில் எழுதிய ஒரு வரி அன்று டாக்டருக்கு வழி காட்டியது. அந்த வரி ஆறு நாள் முன்பே கையில் இருந்திருந்தால் இந்த இரவே வந்திருக்காது.

அட்டையில் இரண்டு பெயர்

செல்வி மறுபடி பழைய டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா ஒரு மாத்திரை அட்டையைக் காட்டினார்.

"இதில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். இன்னொன்று மருந்தின் பெயர். நீங்கள் கடையில் பொன்னி அரிசி வாங்குகிறீர்கள். ஒரு மூட்டையில் மயில் படம் இருக்கும். இன்னொரு மூட்டையில் மணி படம் இருக்கும். உள்ளே இருப்பது பொன்னிதானே? அதுபோலத்தான் இதுவும்."

இதை நாமும் புரிந்துகொள்ள வேண்டும். கம்பெனிப் பெயர் மட்டும் மாறினால், உள்ளே அதே மருந்து. அளவும் அதுவே என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. டாக்டரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு உறுதி செய்தால் போதும். மருந்தின் பெயரே மாறினால், அது வேறு மருந்து. பொன்னிக்குப் பதில் கேழ்வரகு கொடுத்தது போல. அப்போது டாக்டரிடம் எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும்.

அளவையும் பார்க்க வேண்டும். 25 என்றும் 50 என்றும் 100 என்றும் எண் போட்டிருக்கும். ஒரே மருந்துதான். ஆனால் 100 என்பது 25ஐப் போல் நான்கு மடங்கு. எண் மாறியிருந்தால் சாப்பிடும் முன் கேளுங்கள்.

அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் என்ன? மருந்து கொடுப்பவரிடம், "சார், இந்த மருந்தின் பெயரைத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். அவர் சொல்வதை நோட்டில் எழுதிக் கொள்ளலாம். காலி அட்டையைத் தூக்கி எறியாமல் நோட்டுக்குள் வைக்கலாம்.

மூன்று வழிகள்

"இப்ப நான் என்ன செய்யறது டாக்டரம்மா? கேக்கிற மருந்து கிடைக்கல. கிடைக்கிற மருந்து ஒத்துக்கல" என்று செல்வி கேட்டாள். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

டாக்டரம்மா மூன்று வழிகளைச் சொன்னார்.

முதல் வழி: அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் தேடுவது. மருந்தகத்தில் கேட்டார்கள். எந்தப் பெயரிலும் இல்லை.

இரண்டாம் வழி: வேறு மருந்துக்கு மாறுவது. புரோப்ரனலால் ஆகாது. அமிட்ரிப்டிலின் தூக்கம் தரும். தையல் மிஷின் வேலைக்கு அது ஆபத்து. வேறு மருந்தும் உண்டு. ஆனால் பலன் தெரிய மறுபடி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

மூன்றாம் வழி: இதே மருந்தை வெளியே வாங்கித் தரும்படி மருந்தகத்தை எழுத்தில் கேட்பது.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். மாதம் 12 நாள் வலி, 2 நாளாகக் குறைந்த கணக்கு அதில் இருந்தது. "இந்த மருந்துதான் உங்களுக்குக் கேட்கிறது. அதற்கு இந்த நோட்டே சாட்சி. நான் சீட்டில் எழுதித் தருகிறேன். நீங்களும் ஒரு விண்ணப்பம் கொடுங்கள்" என்றார்.

இது தருமம் இல்லை

செல்வி தயங்கினாள். "சும்மா கொடுக்கிற மருந்து. அதுக்கு எப்படிப் போய் கேக்கறது?"

சும்மா கொடுக்கிற மருந்தா? சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர் அரசுக் காப்பீடு. இதற்கான சட்டம் 1948ல் வந்தது. 1952 பிப்ரவரி 24ல் கான்பூரிலும் டெல்லியிலும் இந்தத் திட்டம் தொடங்கியது. தொழிலாளியும் முதலாளியும் மாதா மாதம் இதற்குப் பணம் கட்டுகிறார்கள். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 75 காசு. முதலாளியின் பங்கு நூற்றுக்கு 3 ரூபாய் 25 காசு.

செல்வியின் சம்பளம் 12,000 ரூபாய். அவள் பங்கு 90 ரூபாய். முதலாளி பங்கு 390 ரூபாய். ஆக மாதம் 480 ரூபாய். ஆண்டுக்கு 5,760 ரூபாய். இது அவள் உழைப்பில் வந்த பணம். ஆகவே மருந்து கேட்பது பிச்சை இல்லை. அது உரிமை.

இ.எஸ்.ஐ.யில் சேரச் சம்பள வரம்பு உண்டு. 2017 ஜனவரி முதல் அந்த வரம்பு மாதம் 21,000 ரூபாய் என்று ஆனது. சம்பளம் உயர்ந்து வரம்பைத் தாண்டினால், சில மாதங்களில் இ.எஸ்.ஐ. நின்றுவிடும். தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே இதைக் கம்பெனி ஆபீஸில் விசாரிக்க வேண்டும்.

மற்றக் காப்பீடுகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2018ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கானது. வீட்டில் மாதா மாதம் சாப்பிடும் மாத்திரைக்கு அது உதவாது.

செல்வி எழுதிய விண்ணப்பம்

அன்று இரவு செல்வி மகளைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு எழுதினாள்.

அனுப்புநர்: செல்வி, தையல் தொழிலாளி, சேதராப்பட்டு. (இதன் கீழே தன் இ.எஸ்.ஐ. எண்ணை எழுதினாள்.)
பெறுநர்: மருத்துவ அதிகாரி அவர்கள், இ.எஸ்.ஐ. மருந்தகம், புதுச்சேரி.

ஐயா,

பொருள்: மருந்து வாங்கித் தர வேண்டுதல்.

எனக்கு ஒற்றைத் தலைவலி உள்ளது. எட்டு மாதமாக டோப்பிராமேட் மாத்திரை சாப்பிட்டேன். மாதம் 12 நாள் இருந்த வலி 2 நாளாகக் குறைந்தது. இப்போது அந்த மாத்திரை இல்லை என்கிறார்கள். பதிலாகக் கொடுத்த மாத்திரையால் எனக்கு இழுப்பு வந்தது. டாக்டர் எழுதிய சீட்டும், ஆஸ்பத்திரிச் சீட்டும் இத்துடன் வைத்துள்ளேன். எனக்குக் கேட்கும் மருந்தை வாங்கித் தரும்படி கேட்டுக் கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்வி

விண்ணப்பத்தை இரண்டு படி எடுத்தாள். ஒன்றைக் கொடுத்தாள். இன்னொன்றில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்கிக் கொண்டாள். சீட்டுகளின் நகலைத்தான் கொடுத்தாள். அசலைத் தன்னிடம் வைத்துக் கொண்டாள்.

மருந்து வர மூன்று வாரம் ஆனது. இரண்டு முறை நேரில் போய்க் கேட்டாள். இரண்டு முறையும் நோட்டில் தேதி எழுதினாள்.

அந்த மூன்று வாரம் என்ன செய்தாள்? டாக்டரம்மா சொன்னபடி மக்கள் மருந்தகத்துக்குப் போனாள். இது 2008ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். இங்கே மருந்தின் சொந்தப் பெயரில் மருந்து விற்கிறார்கள். பல மருந்துகள் வெளிக் கடை விலையில் பாதிக்கும் குறைவு. எல்லா மருந்தும் எல்லா நேரமும் இருக்காது. கேட்டுப் பார்க்க வேண்டும். செல்விக்குக் கிடைத்தது. பில்லைப் பத்திரமாக வைத்துக் கொண்டு, அந்தப் பணத்தையும் எழுதிக் கேட்டாள். பணம் இன்னும் வரவில்லை. அவள் விடவில்லை. கேட்டுக் கொண்டிருக்கிறாள்.

மெதுவாக மாற்ற வேண்டும்

செல்வி பழைய அளவில் உடனே தொடங்கினாளா? இல்லை. நடுவில் பல நாள் விட்டுப் போனதால், டாக்டரம்மா மறுபடி சின்ன அளவில் தொடங்கினார். வாரா வாரம் கூட்டினார்.

தடுக்கும் மருந்துகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. திடீரென்று தொடங்கவும் கூடாது. டோப்பிராமேட்டைச் சட்டென்று நிறுத்தினால் தலைவலி திரும்பலாம். வலிப்பு நோய்க்காக அதைச் சாப்பிடுகிறவருக்கு வலிப்பே வரலாம். புரோப்ரனலாலைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சு படபடக்கும். இதய நோய் உள்ளவருக்கு அது பெரிய ஆபத்து. செல்விக்கு ஆனது போல் மூச்சுத் திணறினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எதை நிறுத்துவது என்று அங்கே சொல்வார்கள்.

ஆகவே கடைசி மாத்திரை தீரும் வரை காத்திருக்காதீர்கள். பத்து நாள் மாத்திரை மீதி இருக்கும்போதே மருந்தகத்துக்குப் போங்கள். அப்போது மருந்து இல்லை என்றாலும் யோசிக்க நேரம் இருக்கும்.

இப்போது செல்வி காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். பையில் தண்ணீர்ப் பாட்டில் இருக்கிறது. பாட்டிலுக்குப் பக்கத்தில் நோட்டு இருக்கிறது. அதை இப்போது அவள் வீட்டில் வைத்துவிட்டுப் போவதில்லை. சென்ற மாதக் கணக்கில் தலைவலி நாள் மூன்று.

கம்பெனியில் அவள் பக்கத்து மிஷினில் ஒரு தங்கச்சி வேலை செய்கிறாள். அவளுக்கும் தலைவலி. "அக்கா, உங்க மாத்திரையில ஒண்ணு கொடுங்க" என்று கேட்டாள். செல்வி மாத்திரை கொடுக்கவில்லை. அந்தத் தங்கச்சிக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. "இது உனக்கு ஆகாதும்மா. வா, டாக்டரம்மாகிட்ட போகலாம். முதல்ல ஒரு நோட்டு வாங்கு" என்றாள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தலைவலி

எல்லாத் தலைவலியும் ஒற்றைத் தலைவலி ஆகாது. கீழே சொன்னவை இருந்தால் காத்திருக்க வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள்.

வாழ்நாளில் வராத கடும் வலி இடி போலத் திடீரென்று வருவது.
காய்ச்சலோடு கழுத்து விறைப்பு.
ஒரு பக்கக் கை கால் விழுவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது.
திடீரென்று கண் தெரியாமல் போவது.
தலையில் அடிபட்ட பின் வரும் வலி, மயக்கம், வலிப்பு.

கர்ப்பிணிக்குக் கடும் தலைவலி வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 50 வயதுக்கு மேல் முதன் முறையாகத் தலைவலி தொடங்கினால் தாமதம் செய்யாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நினைவில் வையுங்கள்

1. கேட்கிற மருந்து நின்றுபோனால் சும்மா இருந்துவிடக் கூடாது. டாக்டரைப் பார்க்க வேண்டும்.
2. புது மருந்து எழுதும்போது, கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். இழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், கர்ப்பம், ஒத்துக் கொள்ளாத மருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.
3. மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வைக்க வேண்டும்.
4. ஒருவர் மாத்திரையை இன்னொருவர் சாப்பிடக் கூடாது.
5. வாயால் கேட்டது காற்றில் போகும். எழுதிக் கேட்டது நிற்கும்.

கேள்விகள்

1. செல்விக்கு ஏன் இரவில் மூச்சு முட்டியது?
2. கம்பெனிப் பெயர் மாறுவதற்கும் மருந்தின் பெயர் மாறுவதற்கும் என்ன வித்தியாசம்?
3. விண்ணப்பத்தின் இன்னொரு படியில் செல்வி ஏன் முத்திரை வாங்கினாள்?
4. மாதச் சம்பளம் 10,000 ரூபாய் என்றால் தொழிலாளியின் இ.எஸ்.ஐ. பங்கு எவ்வளவு?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் யாராவது தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்களா? ஒரு தாளை எடுங்கள். அவர் பெயர், வயது, அவருக்குள்ள நோய், மாத்திரையின் பெயர், அளவு, சாப்பிடும் நேரம், ஒத்துக் கொள்ளாத மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். தெரியாததை மருந்துக் கடையில் கேட்டு எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்கள்.